கூத்து வாத்தியாருக்கு நாற்காலி எங்கே?

வாத்தியார் என்ற சொல்லுக்குச் சேலம், நாமக்கல் சீமையிலே இரண்டு பொருள் உண்டு. பள்ளிக்கூடத்திலே கரும்பலகை முன் நிற்பவர் ஒரு வாத்தியார். ஊர்ப் பொதுவிலே, விளக்கு வெளிச்சத்திலே, ஆர்மோனியப் பெட்டிக்குப் பக்கத்திலே இருந்துகொண்டு, ஆடுபவனுக்கு அடியெடுத்துக் கொடுத்து, பாட்டு மறந்தவனுக்குப் பாட்டை நினைவூட்டி, தாளம் தப்பியவனைக் கண்ணாலேயே திருத்தி, விடிய விடிய ஒரு கூட்டத்தை நடத்திச் செல்கிறாரே கூத்துக் குழுத் தலைவர், அவரும் வாத்தியார். ஊர் இருவரையும் அந்தப் பெயரிட்டு அழைக்கிறது. சர்க்கார் ஒருவரை மட்டுமே அழைக்கிறது!

முன்னவருக்கு வருகைப் பதிவேடு உண்டு, மாதச் சம்பளம் உண்டு, மேசை உண்டு, நாற்காலி உண்டு. பின்னவருக்கு? மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி என்று திருவிழாக் காலம் தடையின்றி நடந்தால் பிழைப்பு. மழை பெய்தால், தேர்தல் வந்தால், காவல் நிலையத்திலே அனுமதி கிடைக்காவிட்டால் அடுப்பிலே பூனை. 2020 மார்ச்சிலே ஊரடங்கு வந்தது. இரண்டு ஆண்டுத் திருவிழாக் காலம் அடியோடு போயிற்று. அரிதாரம் பூசிய கை கோழிப் பண்ணைக்குப் போயிற்று, செங்கல் சூளைக்குப் போயிற்று, பள்ளிபாளையத்து விசைத்தறிக்குப் போயிற்று.

"போனால் என்ன, பிழைத்தார்களல்லவா?" என்பார் மேதாவி. பிழைத்தார்கள், ஐயா! எந்த வேலையும் இழிவில்லை என்று சொல்கிற கூட்டம் நாங்கள். நாங்கள் கேட்பது, அவரிடம் இருந்த வித்தை எங்கே போயிற்று என்று. அதைக் கற்றுக்கொள்ளும் உரிமை நம் பிள்ளைகளுக்கு இல்லையா என்று.

2022ஆம் ஆண்டு பள்ளிக் கல்வித் துறை கலைத் திருவிழாவைத் தொடங்கியது. நல்ல காரியம், கைதட்டி வரவேற்றோம். அரசுப் பள்ளிப் பிள்ளை மேடை ஏறிற்று. பறை முழங்கிற்று, கும்மி கொட்டிற்று, வேடம் கட்டி வசனம் பேசிற்று. வென்றவர்க்குக் கலையரசன், கலையரசி என்று விருது. நெஞ்சு நிறைந்தது. ஆனால், தோழர்களே, அந்தப் பிள்ளைக்கு அடவு சொல்லிக்கொடுத்தவர் யார்? பல ஊர்களில் நடப்பது நமக்குத் தெரியாததன்று. போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஆர்வமுள்ள ஆசிரியை ஒருவர் பக்கத்து ஊர்க் கலைஞரைத் தேடிப் பிடிக்கிறார். தம் கைக்காசிலே பேருந்துச் செலவு கொடுக்கிறார். கலைஞர் வருகிறார், வேப்ப மரத்தடியிலே சொல்லிக்கொடுக்கிறார், போய்விடுகிறார். பரிசு வாங்கிய படத்திலே தலைமையாசிரியர் நிற்பார், கல்வி அலுவலர் நிற்பார், ஊர்ப் பிரமுகரும் நிற்பார். கற்றுக்கொடுத்தவரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்கமாட்டார்.

இது புதிய கதையும் அன்று. 1990க்குப் பின் அறிவொளி இயக்கம் ஊர் ஊராகப் போயிற்று. எழுத்தறியாத தாய்மாரைக் கற்கும் கூடத்துக்கு அழைத்துவந்தது அதிகாரியின் சுற்றறிக்கை அன்று. கலைக்குழுவின் பாட்டும் நாடகமுந்தான். 2021இலே இல்லம் தேடிக் கல்வி வந்தது. அப்போதும் முதலில் தெருவிலே இறங்கியவை கலைக்குழுக்கள். மக்கள் கூடினார்கள், திட்டம் தொடங்கிற்று, கலைக்குழு வேனிலே ஏறிப் போயிற்று. தண்டோராப் போடக் கலைஞர் வேண்டும், பாடம் நடத்த மட்டும் அவர் வேண்டாம்!

ஏன் வேண்டாம்? ஒரு கூத்து வாத்தியார் அலுவலகப் படி ஏறினால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

"என்ன படிச்சிருக்கீங்க?"

"எட்டாவதுங்க."

"டிப்ளமா ஏதாச்சும்?"

"முப்பது வருசமாக் கூத்துக் கட்டறனுங்க. ஒரு நாப்பது பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கறனுங்க."

"அதுக்குச் சான்றிதழ் இருக்கா?"

அந்த எழுத்தர் கெட்டவர் அல்லர். அவருக்கு முன்னே இருக்கும் விதியிலே கூத்து என்ற சொல்லே இல்லை. 2017இலே ஆசிரியர் தேர்வு வாரியம் 1,325 சிறப்பாசிரியர் இடங்களுக்குத் தேர்வு வைத்தது. உடற்கல்வி இருந்தது, ஓவியம் இருந்தது, தையல் இருந்தது, இசை இருந்தது, கூத்து இல்லை. சேலத்திலே மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என ஏழு பாடங்கள் நெடுங்காலமாக அங்கே உண்டு. ஏழும் நல்ல கலைகளே. தவில் அடிக்கிறவர்மீது நமக்கென்ன காய்ச்சல்! ஆனால் அந்தப் பட்டியலைப் படிக்கும்போது, எந்தத் தோல் கருவி கோயிலுக்குள் போயிற்றோ அது பாடமாயிற்று, எந்தத் தோல் கருவி சாவு வீட்டு வாசலிலே நிறுத்தப்பட்டதோ அது பாடமாகவில்லை என்பது கண்ணிலே படுகிறதா, இல்லையா?

இனி நம்மவர் சிலரே கேட்கும் ஒரு கேள்விக்கு வருகிறேன். கேட்பவர் பழந்தோழர், கேள்வியிலே நியாயமும் உண்டு. "தம்பி, பறையடிப்பவரைக் கொண்டுவந்து பறை சொல்லிக்கொடு என்பதும், குயவரைக் கொண்டுவந்து பானை செய்யச் சொல் என்பதும், ஆச்சாரியார் கொண்டுவந்தாரே, அந்தக் குலக்கல்வியை வேறு வாசல் வழியாக அழைத்து வருவது ஆகாதோ?"

நினைவிருக்கட்டும்: 1953. சேலத்திலே வழக்கறிஞராக இருந்து, இந்த நகராட்சிக்கே தலைவராகவும் இருந்த ஆச்சாரியார், அப்போது சென்னை மாகாண முதலமைச்சர். நாட்டுப்புறத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு நாளுக்கு மூன்று மணி நேரம் பள்ளி போதும், மிச்ச நேரம் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றார். பெரியார் கொதித்தார். அண்ணா தலைமையிலே கழகம் மும்முனைப் போராட்டம் நடத்திற்று. 1954இலே ஆச்சாரியார் பதவியை விட்டார், காமராசர் வந்தார், திட்டம் குப்பைக்குப் போயிற்று. அந்த வெற்றியின் பிள்ளைகள் நாம். இன்று திருச்செங்கோட்டு ரிக் வண்டி முதலாளியின் மகனும், அந்த வண்டியிலே கடப்பாரை பிடிக்கிறவர் மகளும் ஒரே பொறியியல் கல்லூரியிலே உட்காருகிறார்கள் என்றால் அதிலே அந்தப் போராட்டத்துக்குப் பங்குண்டு.

ஆகையால், பழந்தோழர் ஐயப்படுவது சரி. ஐயப்படாவிட்டால்தான் தவறு. 2023 செப்டம்பரிலே ஒன்றிய அரசு விசுவகர்மா திட்டத்தைக் கொண்டுவந்து, பதினெட்டு வயதுப் பிள்ளையையும் பரம்பரைத் தொழிலுக்குக் கடன் தருகிறோம் வா என்று அழைத்தபோது தமிழ்நாடு எதிர்த்தது அதனாலேதான். 2025இலே அதற்கு மாற்றாகக் கலைஞர் கைவினைத் திட்டம் வந்தபோது, குறைந்த வயது 35 என்று வைத்ததும், எந்தக் குலத்தவரும் எந்தத் தொழிலையும் எடுக்கலாம் என்று வைத்ததும் அதனாலேதான்.

ஆனால் இங்கே நாம் கேட்பதைத் தராசிலே வைத்துப் பாருங்கள். குலக்கல்வி சொன்னது: பறையடிப்பவன் மகன் பறை கற்கட்டும், மற்றவன் மகன் அல்ஜீப்ரா கற்கட்டும். நாம் சொல்வது: பறையடிப்பவர் மகள் அல்ஜீப்ரா கற்கட்டும், மற்றவன் மகன் அவரிடம் வந்து, அவரை ஐயா என்று அழைத்து, பறை கற்கட்டும்! எந்த வீட்டுத் திண்ணையிலே அவரை உட்கார விடவில்லையோ அந்த வீட்டுப் பிள்ளை, அவர் வகுப்புக்குள் நுழையும்போது எழுந்து நிற்கட்டும். அப்பன் தொழிலைப் பிள்ளைக்குக் கட்டுவது குலக்கல்வி. அந்தக் கட்டை அறுத்து, வித்தையை எல்லார் கைக்கும் கொடுப்பது அதற்கு நேர் எதிர். எதிரெதிரான இரண்டையும் ஒன்றென்று எண்ணினால் நட்டம் நமக்கு.

இரண்டாவது ஐயம், பகுத்தறிவாளர் ஐயம். "கூத்து என்றால் பாரதம். பாரதம் என்றால் புராணம். பள்ளிக்குள்ளே புராணத்தை நாமே அழைப்பதா?" இதற்கு விடை நம் இயக்கத்தின் பழைய பெட்டியிலேயே இருக்கிறது. 1944இலே திராவிடர் கழகம் என்ற பெயர் பிறந்தது இதே சேலத்திலே. அந்தக் கழகம் கொள்கையைப் பரப்பியது மேடைப் பேச்சாலே மட்டுமா? அண்ணாவின் நாடகங்கள் எத்தனை, நடிகவேள் இராதாவின் நாடகங்கள் எத்தனை! கலைவாணர் என்ன செய்தார்? நந்தனார் கதாகாலட்சேபத்தின் உருவை எடுத்தார், உள்ளே கிந்தனாரை வைத்தார். கோயிலுக்குப் போகத் துடித்தவனை எடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகத் துடிக்கும் சிறுவனை நிறுத்தினார். 1949இலே அண்ணா எழுதிய 'நல்லதம்பி' படத்திலே நாடே அதைக் கண்டு சிரித்தது, சிந்தித்தது. உருவம் நமக்குப் பகையன்று.

கூத்திலே கட்டியங்காரன் என்று ஒருவன் வருகிறானே, அவனைப் பாருங்கள். துரியோதனன் கொலுவிலே நின்று துரியோதனனையே கேலி பேசுகிறவன். அரசனைக் கேள்வி கேட்க ஊர் ஒருவனை நியமித்திருக்கிறது! அவன் வாயிலே 1924 வைக்கத்தை வையுங்கள்; அண்ணல் அம்பேத்கர் மகத் குளத்திலே தண்ணீர் அள்ளியதை வையுங்கள். இன்னும் ஒரு படி மேலே போகிறேன், பழந்தோழர் கோபித்தாலும் சரி: பாஞ்சாலியை வெளியே தள்ளவும் தேவையில்லை. தன்னையே தோற்றுவிட்டவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை என்று அவள் சபையிலே கேட்கிறாளே, அந்தக் கேள்விக்கு நம் எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் விடை தேடட்டும். இவ்வளவு காலம் அவளாக வேடமிட்டவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பள்ளியிலே ஒரு பெண்ணே அந்தக் கேள்வியைக் கேட்கட்டுமே!

ஆனால் கூத்துக் கற்றவரெல்லாம் நாளைக் காலை பள்ளிக்குள் நுழைந்து பாடம் நடத்தலாம் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கேதான் பயிற்சி வேண்டும்.

கூத்து வாத்தியார் எப்படிக் கற்றார்? சிறு வயதிலே ஒரு குழுவோடு போனார். பெட்டி தூக்கினார், விளக்குப் பிடித்தார், அரிதாரம் அரைத்தார், பல இரவு விழித்துப் பார்த்தார். ஒருநாள் யாரோ வராமற்போக, காலிலே சலங்கையைக் கட்டி உள்ளே தள்ளினார்கள். அடியும் வாங்கியிருப்பார். விரும்பி வந்தவன் ஒருவன், கூடவே தங்கியவன் ஒருவன், அவனுக்குக் கற்பித்துப் பழகியவர் அவர். பள்ளியிலோ நாற்பது பிள்ளைகள். அவர்களில் பாதிப்பேர் விரும்பி வந்தவர்கள் அல்லர். எட்டு மணி நேரக் கூத்து அவருக்குத் தெரியும், நாற்பது நிமிட வகுப்புத் தெரியாது. அடுத்த அறையிலே கணக்குப் பாடம் நடக்கும்போது இங்கே மத்தளம் கொட்ட முடியாது. கையைத் தொடையிலே தட்டித் தாளம் கற்பிக்க வேண்டும். பிரம்பு எடுக்கக்கூடாது, 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அதைத் தடுத்திருக்கிறது. நள்ளிரவிலே ஊரைச் சிரிக்க வைக்கும் கட்டியங்காரன் பேச்சு பலவும் பிள்ளைகள் முன் செல்லாது. பெண்ணைப் பற்றி, ஊனமுற்றவரைப் பற்றி, சாதியைப் பற்றிய கேலிகளை அவரே பொறுக்கியெடுத்துக் களைய வேண்டும். பெண்பிள்ளைக்கு அடவு திருத்தும்போது எட்டி நின்று வாயாலே திருத்தும் முறை வேண்டும். திக்குவாய்ப் பிள்ளையை ஓரமாக உட்கார வைக்காமல் அவனுக்கு எந்தப் பாகம் கொடுப்பது? இவையெல்லாம் கற்க வேண்டியவை. கற்றால் வந்துவிடும், இதைவிடக் கடினமானதைக் கற்றவர் அவர்.

பயிற்சியில்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கொங்குச் சீமையிலேயே சாட்சி இருக்கிறது. கும்மி அருமையான கலை. நூற்றுக்கணக்கான பெண்கள் ஒன்றாகக் கூடி ஆடும் அழகை யார் மறுப்பார்? அந்த மேடையிலே, சொந்தச் சாதிக்குள்ளேதான் மணம் முடிப்போம் என்று பெண்களிடம் உறுதிமொழி வாங்கிய செய்தியையும் நாடு பார்த்தது. 2015இலே திருச்செங்கோட்டு மலைக் கோயிலிலிருந்து ஓமலூர் இளைஞர் கோகுல்ராஜைக் கடத்திக் கொன்று பள்ளிபாளையம் அருகே இரயில் பாதையிலே போட்டார்களே, அந்த மண்ணிலே இப்படி ஒரு உறுதிமொழி! ஆகவே பிள்ளைகளிடம் போகும் கலைஞர், கையிலே கலையை மட்டும் கொண்டுபோக வேண்டும். சாதியைப் படலைக்கு வெளியே விட்டுவிட்டு வர வேண்டும். தந்தை பெயரைக் கேட்டுப் பாகம் பிரிக்கிறவருக்கு, அவர் எவ்வளவு பெரிய வித்துவானாக இருந்தாலும், வகுப்பறையிலே வேலையில்லை.

இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு ஒரு ஊரைக் காட்டுகிறேன். இங்கிலாந்திலே கவன்ட்ரி. மோட்டார்த் தொழிலாளர் நகரம். லாரிக்குப் பாடி கட்டும் நம் நாமக்கல்லுக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1940இலே செர்மானியர் குண்டு போட்டு நொறுக்கிய ஊர். அங்கே 1958இலே பெல்கிரேடு நாடக அரங்கைக் கட்டினார்கள். 1965இலே அந்த அரங்கம் ஒரு குழுவை அமர்த்திற்று. வேலை, பள்ளிகளுக்குப் போய் நாடகத்தாலே பாடம் நடத்துவது. அவர்களுக்கு நடிகர்-ஆசிரியர் என்று பெயர். நடிகரும் அவரே, ஆசிரியரும் அவரே, சம்பளமும் உண்டு. அந்த முறை அங்கிருந்து பல நாடுகளுக்குப் போயிற்று. அதற்கும் முன்னே 1935இலே, அமெரிக்காவிலே வேலையில்லாக் கொடுமை தலைவிரித்தாடியபோது, ரூசுவெல்ட் ஆட்சி ஓவியரைக் கூலி கொடுத்து அமர்த்திற்று. ஊர்க் கலை மையங்களிலே ஏழைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கச் செய்தது. பாலம் கட்டுகிறவனைப் போல் ஓவியனும் தொழிலாளிதான் என்று அந்த முதலாளித்துவ நாடே ஒப்புக்கொண்ட காலம் அது.

அவ்வளவு தொலைவு போவானேன்? காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலிலே கட்டைக்கூத்துச் சங்கம், 2002 முதல் 2020 வரை குருகுலம் ஒன்றை நடத்திற்று. பள்ளிப் பாடமும் கூத்தும் ஒரே கூரையின் கீழ்; ஆணோடு பெண்ணும் கற்றாள். நம் மேட்டூர் வட்டத்து ஏர்வாடியிலே எழுத்தாளர் மு. ஹரிகிருஷ்ணன், 'மணல்வீடு' என்ற சிற்றிதழையும் நடத்திக்கொண்டு, களரி என்ற அமைப்பின் வழியாகக் கூத்துக் கலைஞரை மேடையேற்றிப் பெருமைப்படுத்தி வருகிறார். சேலம் அம்மாப்பேட்டைக் கணேசன் தெருக்கூத்திலும் தோற்பாவைக் கூத்திலும் பெயர் எடுத்தவர். ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தனி மனிதர் தோளிலே இருக்கும் சுமையைச் சர்க்கார் தோளுக்கு மாற்றுவதுதான் மிச்சம்.

சர்க்கார் தோள் என்றதும் ஒரு எச்சரிக்கை. 2012இலே 16,549 பகுதிநேர ஆசிரியர்களை அமர்த்தினார்கள். ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கணினி எல்லாம் அதிலே உண்டு. வாரத்திலே மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய், மே மாதத்திலே அதுவும் இல்லை. அம்மையார் ஆட்சியின் அந்த ஏற்பாட்டைக் குறை சொல்வது எளிது, சொல்லவும் சொன்னோம். 2021 தேர்தல் அறிக்கையிலே அவர்களைப் பணி நிரந்தரம் செய்வோம் என்று கழகம் எழுதிற்று. 2023 அக்டோபரிலே ஊதியம் 12,500 ஆகும் என்ற அறிவிப்பு வந்தது. அந்த அறிவிப்பு வருமுன் அவர்கள் சென்னையிலே தெருவிலே உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஒன்றிய அரசு, தன் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை என்பதற்காக 2024-25ஆம் ஆண்டுக்குரிய 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்த வஞ்சகமும் உண்மை. இரண்டும் உண்மை. எழுதிக் கொடுத்த சொல்லை எதிர்க்கட்சிக்காரன் நினைவூட்டுவதைவிடக் கட்சித் தொண்டன் நினைவூட்டுவது மேல். கூத்து வாத்தியாரையும் அந்தக் கூட்டத்திலே இன்னொரு அரைச் சம்பளக்காரராகச் சேர்ப்பதானால் அவர் விசைத்தறிக் கூடத்திலேயே இருக்கட்டும்.

ஒன்றிய அரசின் 2020 கொள்கையிலும் உள்ளூர்க் கலைஞரைப் பள்ளிக்கு அழைக்க இடமுண்டு என்று சிலர் எடுத்துக் காட்டுவார்கள். இருக்கிறது. விருந்தாளியாக வந்துபோக இடமுண்டு. ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளையைப் புத்தகப் பை இல்லாமல் பத்து நாள் தச்சரிடமும் குயவரிடமும் அனுப்பவும் இடமுண்டு. நமக்கு வேண்டியது விருந்தாளி இலை அன்று.

வேண்டியது இது. உத்தமசோழபுரத்திலே இருக்கும் மாவட்ட ஆசிரியர் கல்விப் பயிற்சி நிறுவனம் போன்ற இடங்களிலே கலைஞருக்கு ஆறு மாதப் பயிற்சி, உதவித்தொகையோடு. பள்ளிப் படிப்புச் சான்றிதழுக்குப் பதிலாக ஆடிக் காட்டியும் கற்பித்துக் காட்டியும் தேர்வு. அதே கூடத்திலே, ஆசிரியப் பயிற்சி மாணவர்களுக்கு அந்தக் கலைஞரே குரலும் தாளமும் கற்பிக்கட்டும். அவர் கற்கவும் வேண்டும், கற்பிக்கவும் வேண்டும். பாடவேளை மதிய உணவுக்குப் பின் இருக்கட்டும். இரவெல்லாம் ஆடியவரைக் காலை ஒன்பதுக்கு வரச் சொல்வது கொடுமை. பயிற்சியை மே மாதத்திலே வைத்துவிடாதீர்கள் என்று அதிகாரிகளுக்கு இப்போதே சொல்லி வைக்கிறேன். பள்ளிக்கு விடுமுறைக் காலம். கூத்துக்கோ அதுதான் அறுவடைக் காலம்.

சர்க்கார் ஆணை வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவிலே பெற்றோர்தாம் பெரும்பான்மை. அந்தப் பெற்றோரிலே தறி ஓட்டும் தோழரும் உண்டு, லாரிப் பட்டறைத் தோழரும் உண்டு. அடுத்த கூட்டத்திலே தீர்மானம் கொண்டு வாருங்கள்: இன்ன ஊர்க் கூத்து வாத்தியார் வாரம் இரண்டு வேளை, இன்ன ஊதியத்துக்கு, பெண்பிள்ளைகளும் உண்டு, முதல் மாதம் ஒரு ஆசிரியை உடனிருப்பார். நம் படிப்பகங்களிலே மாலையிலே வயதுவந்தோருக்கும் ஒரு வகுப்பு வையுங்கள்; பழைய நாற்காலிகள் சும்மா அடுக்கிக் கிடக்கின்றன. ஊதியத்தை மாதம் முடியும் நாளிலே கொடுத்துவிடுங்கள், பேருந்துச் செலவும் மத்தளத்துக்குத் தோல் மாற்றும் செலவும் தனி. மழைக்காலத்திலே கூத்துக்கு அழைப்புக் குறையும், வாத்தியார்கள் ஊரிலேயே இருப்பார்கள். ஐப்பசிக்கு முன்னால் போய்ப் பேசிவிடுங்கள்.